பிம் மாதிரியை ஆற்றல் பகுப்பாய்வுக்கும் கார்பன் கணக்குக்கும் அனுப்பும்போது எது தொலைகிறது?

இடுகை 1 | மேற்குச்சுவர்

அனைவருக்கும் வணக்கம். சென்னையில் ஒரு சிறிய கட்டடக்கலை அலுவலகம் நடத்துகிறேன். ஸ்டில்ட் தளமும் அதன்மேல் ஐந்து மாடிகளும் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பை ரெவிட் என்ற பிம் மென்பொருளில் முழுமையாக மாதிரியாக்கியிருக்கிறோம் (கட்டடத்தின் ஒவ்வொரு பாகத்தையும் அதன் தகவலோடு முப்பரிமாணத்தில் வரையும் முறையே பிம்). இம்மாதிரியிலிருந்து எங்களுக்கு மூன்று விடைகள் தேவைப்படுகின்றன. முதலாவது, குடியிருப்புகளுக்கான இந்திய ஆற்றல் சிக்கன விதித்தொகுப்பான எகோ நிவாஸ் சம்ஹிதா கேட்கும் ஆர்இடிவி மதிப்பு, அதாவது புறச்சுவர், சன்னல் வழியே ச.மீ.க்கு உள்ளே வரும் வெப்பத்தின் அளவு. இரண்டாவது, குளிரூட்டப்படும் படுக்கையறைகளுக்கான ஆண்டு மின்தேவை. மூன்றாவது, உரிமையாளர் ஆர்வத்துடன் கேட்டிருக்கும் உட்பொதிந்த கார்பன் கணக்கு, அதாவது கட்டுமானப் பொருட்களின் தயாரிப்பில் வெளியேறும் கார்பன்.

மூன்றுக்கும் மூன்று வெவ்வேறு மென்பொருள்கள். ஒன்றுக்கு ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பும் மற்ற இரண்டுக்கும் ஐஎஃப்சி கோப்பும் அனுப்பினோம்; இரண்டுமே மென்பொருள்கள் மாதிரியைப் பகிர்ந்துகொள்வதற்கான திறந்த கோப்பு வடிவங்கள். திரும்பி வந்த தளப்பரப்பு மூன்றிலும் மூன்று விதமாக இருந்தது. எங்கள் மாதிரியில் 64 அறைகள் இருக்க, ஆற்றல் மென்பொருளில் 51 மட்டுமே தென்பட்டன. எங்கள் மேற்குச் சுவரை அது வடமேற்குச் சுவராகக் காட்டியது. மின்தேவை என்று வந்த எண்ணை நான் நம்பவும் இல்லை, உரிமையாளரிடம் சொல்லவும் இல்லை.

ஒரே மாதிரியை எல்லா மென்பொருளும் படிக்கும் என்பதுதானே இந்தத் திறந்த வடிவங்களின் வாக்குறுதி? பிழை எங்கள் வரைதலிலா, கோப்பு வடிவத்திலா, படிக்கும் மென்பொருளிலா என்பதை எப்படிப் பிரித்தறிவது? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

இடுகை 2 | தெர்மல்_கோவை

நண்பரே, மூன்று எண்கள் வந்ததில் வியப்பில்லை. ஒரே எண் வந்திருந்தால்தான் நான் சந்தேகப்பட்டிருப்பேன்.

கட்டடக் கலைஞருக்குச் சுவர் என்பது 230 மி.மீ. தடிமனுள்ள ஒரு திடப்பொருள். எனர்ஜிபிளஸ் போன்ற ஆற்றல் கணிப்பு நிரலுக்கோ அது தடிமனே இல்லாத ஒரு தட்டையான பரப்பு, அதாவது தளம். ஒருபுறம் ஓர் அறை, மறுபுறம் வெயிலோ இன்னோர் அறையோ. தடிமன், அடுக்குகள், வெப்பக் கடத்துதிறன் ஆகியவை அந்தத் தளத்துடன் இணைத்த குறிப்புகளாக மட்டுமே வருகின்றன. திடப்பொருளைத் தளமாக மாற்றும்போது அத்தளத்தை எங்கே நிறுத்துவது என்று ஒவ்வொரு மென்பொருளும் தானே முடிவு செய்கிறது. சுவரின் நடுக்கோட்டில் நிறுத்தினால், உள்ளளவு 3 மீ. × 3 மீ. இருக்கும் அறை 3.23 மீ. × 3.23 மீ. ஆகிவிடும். 9 ச.மீ. பரப்பு 10.43 ச.மீ. ஆகிறது, ஏறத்தாழ 16 விழுக்காடு கூடுதல். உள்முகத்தில் நிறுத்தும் மென்பொருளுக்கு அது 9 ச.மீ. ஆகவே இருக்கும். உங்கள் தளப்பரப்பு வேறுபாட்டின் பெரும்பகுதி இதுவாகத்தான் இருக்கும். இதை யாருடைய தவறு என்றும் சொல்ல முடியாது.

தொலைந்த 13 அறைகள் வேறு கதை. ஒரு சுவரின் இருபுறமும் எந்தெந்த அறைகள் உள்ளன என்ற உறவை ஐஎஃப்சியில் இடவெளி எல்லை என்ற பொருள் சுமக்கிறது. அது இரு நிலைகளில் எழுதப்படும். முதல் நிலையில், ஓர் அறை தன் சுவரின் முழு முகத்தையும் ஒரே எல்லையாகக் கொள்ளும். மறுபுறம் என்ன இருக்கிறது என்று பார்க்காது. இரண்டாம் நிலையில், மறுபுறம் இரண்டு அறைகள் இருந்தால் அதே முகம் இரண்டு துண்டாகும். வெப்பம் எங்கிருந்து எங்கே செல்கிறது என்று கணக்கிட இரண்டாம் நிலைதான் வேண்டும். ரெவிட்டின் ஐஎஃப்சி ஏற்றுமதிச் சாளரத்தில் இதற்கென ஒரு தேர்வு உண்டு. அதை மாற்றாமல் விட்டால் உறவே இல்லாத கோப்புதான் போய்ச் சேரும்.

ஜிபிஎக்ஸ்எம்எல் தொடக்கத்திலிருந்தே இந்த ஒரு வேலைக்காக எழுதப்பட்டது. இத்தகைய ஒவ்வொரு தட்டைத் தளத்திலும் அடுத்துள்ள அறையின் அடையாளம் குறிக்கப்பட்டிருக்கும். ஆனால் ரெவிட்டில் பரப்பும் கனஅளவும் கணக்கிடும் அமைப்பு இயக்கப்படாதிருந்தாலும், அறையின் மேல் எல்லை கூரைத் தளத்தைத் தொடாமல் நின்றாலும், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே யாருக்கும் சொந்தமில்லாத இடைவெளி விடப்பட்டிருந்தாலும் அறைகள் உடைந்தோ காணாமலோ போகும்.

வெளிப்படையாகச் சொல்கிறேன். எனக்கு வரும் பிம் மாதிரிகளில் பத்துக்கு எட்டை ஓரமாக வைத்துவிட்டு, தளப்படத்தை அடியில் வைத்து எளிய வடிவில் நானே புதிதாக வரைகிறேன். இரண்டு நாள் வேலை. ஏற்றுமதியைப் பழுதுபார்க்க ஐந்து நாள் ஆகும்.

இடுகை 3 | திறமூலன்

முந்தைய இடுகையின் விளக்கம் துல்லியமானது. ஆனால் முடிவை ஏற்க இயலவில்லை. நீங்கள் புதிதாக வரைந்து முடித்த மறுநாள் கட்டடக் கலைஞர் மேற்கு சன்னலை அகலப்படுத்துவார். அதன்பின் இரண்டு மாதிரிகள் இரண்டு கட்டடங்களாகிவிடும். உங்கள் அறிக்கை எந்தக் கட்டடத்தைப் பற்றியது என்று ஆறு மாதம் கழித்து உங்களாலேயே சொல்ல முடியாது.

வடிவங்கள் பிறந்த விதத்தையும் கவனிக்க வேண்டும். ஐஎஃப்சியின் தொடக்கம் 1990-களின் நடுப்பகுதி; இன்று அதைப் பேணுவது பில்டிங்ஸ்மார்ட் அமைப்பு. 2006-இல் வந்த 2எக்ஸ்3 பதிப்பு இன்னும் பல அலுவலகங்களில் புழக்கத்தில் இருக்கிறது, 2013-இல் வந்த நான்காம் பதிப்பு ஐஎஸ்ஓ 16739 என்ற பன்னாட்டுத் தரநிலை ஆனது, 4.3 பதிப்பு 2024-இல் அதே தரநிலையின் புதிய வெளியீடாக ஏற்கப்பட்டது. 2எக்ஸ்3 காலத்தில் மென்பொருள்கள் சான்றிதழ் பெற்றது ஒருங்கிணைப்புப் பார்வைக்காக. அதாவது, குழாய் உத்தரத்தில் மோதுகிறதா, கதவுக்கு முன்னால் தூண் நிற்கிறதா என்று பார்ப்பதற்காக. இடவெளி எல்லை அதில் விரும்பினால் சேர்த்துக்கொள்ளும் ஒட்டுப்பகுதியாகவே இருந்தது. மோதல் பார்க்கச் சான்றளிக்கப்பட்ட கோப்பை வெப்பக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு ஐஎஃப்சி உடைந்தது என்கிறோம். மாட்டுவண்டியில் தண்ணீர் ஏற்றிவிட்டு வண்டி ஒழுகுகிறது என்பது போன்றது இது.

அமெரிக்காவின் தரநிலை, தொழில்நுட்ப நிறுவனமான என்ஐஎஸ்டி 2004-இல் வெளியிட்ட ஆய்வு, பெரிய கட்டட, ஆலைத் திட்டங்களில் மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசாமையால் அந்நாட்டுக்கு 2002-ஆம் ஆண்டில் 1,580 கோடி டாலர் இழப்பு என்று மதிப்பிட்டது. அதில் 1,060 கோடி உரிமையாளர்கள் மீதும் கட்டடத்தை நடத்துவோர் மீதும் விழுந்தது. வரைந்தவர்களாகிய நாம் இழப்பை அதிகம் உணராததால்தான் சிக்கல் இத்தனை காலம் நீடிக்கிறது என்பது என் எண்ணம்.

மேற்குச்சுவர் அவர்களுக்கு ஒரு யோசனை. கோப்பை மற்றவர்களுக்கு அனுப்பும் முன், ஐஎஃப்சிஓப்பன்ஷெல் என்ற திறமூல நூலகத்தையோ அதன்மீது அமைந்த, பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளுக்கான போன்சாய் நீட்சியையோ கொண்டு திறந்து பாருங்கள். எத்தனை அறைகள், எத்தனை எல்லைகள், வடக்கு எங்கே ஆகிய மூன்றையும் ஐந்து நிமிடத்தில் எண்ணிவிடலாம். கோப்பில் இருந்தும் மற்ற மென்பொருளில் இல்லையென்றால் பிழை படிப்பவருடையது. கோப்பிலேயே இல்லையென்றால் நம்முடையது.

இடுகை 4 | மேற்குச்சுவர்

திறமூலன் சொன்னபடி எண்ணிப் பார்த்தேன். பிழைகளில் பெரும்பாலானவை எங்களுடையவை என்று ஒப்புக்கொள்கிறேன்.

காணாமற்போன 13 அறைகளில் பத்து, சமையலறையை ஒட்டிய யுடிலிட்டி பகுதிகள். அவற்றுக்கும் சமையலறைக்கும் நடுவே சுவர் இல்லை; அறை பிரிக்கும் கோடு மட்டுமே வரைந்திருந்தோம், அதுவும் சில தளங்களில் முனை சேராமல். மீதி மூன்று, மொட்டைமாடிக்குச் செல்லும் படிக்கட்டின் மேலறையைச் சார்ந்தவை. அவற்றின் மேல் எல்லை கூரைக்குக் கீழேயே நின்றுவிட்டது.

வடக்கு விஷயம் வேறு. மனை தெருவுக்கு ஏற்பச் சாய்ந்திருப்பதால், வரைவதற்கு வசதியாகத் திட்ட வடக்கைக் காகிதத்தின் மேல்புறமாக வைத்து, உண்மை வடக்கைத் தனியாகக் குறித்திருந்தோம். ஐஎஃப்சி கோப்பில் அந்த உண்மை வடக்கு சரியாகவே எழுதப்பட்டிருந்தது. படித்த மென்பொருள்தான் அதைப் பொருட்படுத்தவில்லை. ஜிபிஎக்ஸ்எம்எல் கோப்பிலும் அதற்கென உள்ள திசைக்கோணம் இருந்தது. அந்த வழியில் சுவர் சரியான திசையிலேயே நின்றது.

அடுத்த கேள்வி. ஆர்இடிவி கணக்குக்கும் இத்தனை பாடு பட வேண்டுமா?

இடுகை 5 | தெர்மல்_கோவை

வேண்டாம். ஆர்இடிவிக்கு அறைகளே தேவையில்லை. ஒவ்வொரு திசையிலும் எவ்வளவு சுவர், எவ்வளவு சன்னல், அவற்றின் யூ மதிப்பு (வெப்பத்தைக் கடத்தும் அளவு), கண்ணாடியின் எஸ்எச்ஜிசி (விழும் வெயில் வெப்பத்தில் உள்ளே விடும் பங்கு), மேலே சன்ஷேடு எவ்வளவு நீளம் என்பவை போதும். அட்டவணையாக எடுத்தால் முடிந்தது. வடிவியலை எங்கும் ஏற்றுமதி செய்ய வேண்டியதில்லை.

ஆனால் அந்த அட்டவணையில் சன்ஷேடு தொலைந்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன். சென்னை போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த பகுதிக்குச் சூத்திரத்தின் கெழுக்கள் சுவருக்கு 5.15, கண்ணாடி வழி கடத்தலுக்கு 1.31, கண்ணாடி வழி வரும் வெயிலுக்கு 65.21. திசைக் காரணியை ஒன்று என்று எடுத்துக்கொண்டு, 230 மி.மீ. செங்கல் சுவருக்கு யூ மதிப்பு 2.0 என்றும், புறச்சுவரில் 15 விழுக்காடு சன்னல் என்றும், ஒற்றைக் கண்ணாடிக்கு யூ மதிப்பு 5.8, எஸ்எச்ஜிசி 0.8 என்றும் வைப்போம். சன்ஷேடு இல்லையென்றால் 8.76, 1.14, 7.82 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 17.7. சன்ஷேடு எஸ்எச்ஜிசியை 0.5-க்குக் குறைக்கிறது என்று கொண்டால் மூன்றாம் உறுப்பு 4.89 ஆகி, மொத்தம் 14.8. உச்சவரம்பு ச.மீ.க்கு 15 வாட். ஒரு சிறிய கான்கிரீட் பலகை கோப்பில் எந்தப் பெயரில் எழுதப்பட்டது என்பதே தேறுவதையும் தவறுவதையும் முடிவு செய்கிறது.

அது பெரும்பாலும் தவறான பெயரில்தான் எழுதப்படுகிறது. நான்காம் பதிப்பு ஐஎஃப்சியில் நிழல் தரும் பொருளுக்குத் தனி வகையே உண்டு. ஆனால் நம் ஊரில் சன்ஷேடை ஸ்லாப் கருவியில்தான் வரைவார்கள். அது தளப்பலகையாகப் போகிறது. சிலர் பொது வடிவமாக வரைவார்கள். அது எதற்கும் பொருந்தாதவை குவியும் பதிலிக் கூடையில் போய் விழுகிறது. ஒருமுறை என்னிடம் வந்த கோப்பில், தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில் இருபது தளப்பலகைகள் அந்தரத்தில் நின்றன. அந்த மென்பொருள் அவற்றைக் கூடுதல் மாடிகளாக எண்ணியிருந்தது!

இடுகை 6 | கம்பிக்கணக்கு

அளவீட்டாளனாக இருபது ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் கார்பன் பக்கத்தைப் பற்றிச் சொல்கிறேன். இதுவரை யாரும் அதைத் தொடவில்லை.

உட்பொதிந்த கார்பன் கணக்குக்குப் பொருளின் அளவும் பொருளின் அடையாளமும் மட்டுமே தேவை. அறை எல்லை, வடக்கு, தளம், திடம் எதுவும் வேண்டாம். எனவே ஆற்றல் கணக்கைவிட இது எளிது என்று தோன்றும். அளவைப் பொறுத்தவரை அது ஓரளவு உண்மை. ஐஎஃப்சியில் ஒவ்வொரு சுவருக்கும் நிகரக் கனஅளவு, நிகரப் பக்கப் பரப்பு என வரையறுத்த அளவுத் தொகுதிகள் உள்ளன. ஏற்றுமதியின்போது அவற்றைச் சேர்க்கச் சொன்னால் போதும். ஆனால் கட்டடக் கலைஞரின் மாதிரியிலும் கட்டமைப்புப் பொறியாளரின் மாதிரியிலும் அதே தூண்களும் அதே தளப்பலகைகளும் இருக்கும். இரண்டு கோப்புகளையும் அப்படியே கூட்டினால் கட்டடம் இரண்டு முறை கட்டப்படும். சட்டகத்துக்கு நடுவே சுவரை வெட்டாமல் வரைந்திருந்தால், தூண் நிற்கும் இடத்திலும் செங்கல் எண்ணப்படும்.

அடையாளம்தான் உண்மையான தலைவலி. கோப்பில் பொருளின் பெயர் என்னவாக இருக்கும்? மென்பொருளோடு வந்த நூலகப் பெயர்: அந்த இடத்திலேயே வார்த்த சாம்பல்நிறக் கான்கிரீட். அதன் வலிமைத் தரம் எம்20-ஆ எம்30-ஆ, நிலக்கரிச் சாம்பல் கலந்த பிபிசி சிமெண்டா, எதுவும் கலக்காத வெறும் ஓபிசி சிமெண்டா என்பதை அந்தப் பெயர் சொல்லாது. சாம்பலோ இரும்பாலைக் கசடோ சேர்த்தால், சூளையில் சுட்டெடுத்து அரைக்கும் சிமெண்ட் கட்டியான கிளிங்கரின் பங்கு குறைகிறது. கார்பனின் பெரும்பகுதி கிளிங்கரில்தான் இருக்கிறது. ஆகவே கான்கிரீட்டின் நிறத்தைச் சுமந்துவரும் கோப்பு, கணக்குக்கு வேண்டிய ஒரே செய்தியை விட்டுவிட்டு வருகிறது. கம்பியோ மாதிரியிலேயே இருக்காது. பார் பெண்டிங் ஷெட்யூல் என்ற கம்பி வளைப்புப் பட்டியலில் இருந்து எடையை எடுத்துக் கைப்படச் சேர்க்கிறேன். அது முடியாதபோது கன மீட்டருக்கு இத்தனை கிலோ என்று அனுபவத்தால் போடுகிறேன். அந்த அனுபவ எண் எந்தக் கோப்பு வடிவத்திலும் இல்லை.

பொருட்களின் சூழல் அறிக்கைத் தரவை பிம் மாதிரியோடு பொருத்துவதற்கான வார்ப்புருக்களை ஐஎஸ்ஓ 22057 என்ற தரநிலை 2022-இல் வகுத்தது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் நம் ஊர்ச் செங்கல்சூளையிடமிருந்து அப்படி ஓர் அறிக்கை வரும் நாளை நான் பார்ப்பேனா என்று தெரியவில்லை.

இடுகை 7 | நூலிழை_சிங்கை

சிங்கப்பூரில் பிம் ஒருங்கிணைப்பாளராகப் பணிபுரிகிறேன். இங்கு 2023 டிசம்பரில் தொடங்கிய கோரிநெட் எக்ஸ் என்ற அனுமதித் தளம், ஐஎஃப்சி-எஸ்ஜி என்ற பெயரில் நாட்டுக்கேற்ப வரையறுக்கப்பட்ட ஐஎஃப்சி மாதிரியை ஏற்கிறது. எந்தப் பொருளை எந்த ஐஎஃப்சி வகையில் எழுத வேண்டும், அதில் எந்தப் பண்பு இருக்க வேண்டும் என்பதை அனுமதி தரும் முகமைகளே பட்டியலிட்டிருக்கின்றன. மென்பொருள்கள் மாறவில்லை, வடிவமும் மாறவில்லை. கேட்பவர் என்ன கேட்கிறார் என்பது எழுத்தில் வந்துவிட்டது. எங்கள் வரைவாளர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். இப்போது பண்பு நிரப்பாத கதவை வைக்கவே அவர்களுக்குக் கை வருவதில்லை.

அரசு கேட்காத இடத்தில் ஒப்பந்தம் கேட்கலாம். பில்டிங்ஸ்மார்ட் 2024-இல் ஐடிஎஸ் என்ற தரநிலையின் 1.0 பதிப்பை வெளியிட்டது. தகவல் தேவையைக் கணினி படிக்கும் கோப்பாக எழுதித் தரும் முறை அது. உதாரணமாக, புறச்சுவர் ஒவ்வொன்றிலும் வெப்பக் கடத்தல் மதிப்பு இருக்க வேண்டும் என்று ஒரு விதி எழுதினால், அனுப்புவதற்கு முன்பே மாதிரி தேறுகிறதா என்று சோதிக்கலாம்.

இடுகை 8 | தெர்மல்_கோவை

ஐடிஎஸ் பயனுள்ளதுதான். ஆனால் அது வடிவியலைச் சோதிக்காது. அறை மூடியிருக்கிறதா, கோடு முனை சேர்ந்திருக்கிறதா என்று அதனிடம் கேட்க முடியாது. மேற்குச்சுவர் தொலைத்த 13 அறைகளை எந்த ஐடிஎஸ் விதியும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்காது.

பண்பு நிரம்பியிருப்பதாலேயே அது உண்மையாகிவிடாது என்பது என் இன்னொரு கவலை. சுவரின் அடுக்குகள் ஓரிடத்தில், யூ மதிப்பு தட்டச்சு செய்த எண்ணாக வேறோரிடத்தில். செங்கல்லை 200 மி.மீ. ஏஏசி (காற்றுக்குமிழ் கான்கிரீட்) கற்களாக மாற்றும்போது அடுக்கு மாறும். கையால் இட்ட 2.0 அப்படியே கிடக்கும். ஏஏசி சுவருக்கு அது ஏறத்தாழ 0.8 ஆகியிருக்க வேண்டும். கோப்பு சோதனையில் தேறும், கணக்கு தவறும். எது முந்தும் என்று படிக்கும் மென்பொருள்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக முடிவு செய்கின்றன. நான் அடுக்குகளை மட்டும் கேட்கிறேன். கடத்துதிறனை என் நூலகத்திலிருந்து இடுகிறேன்.

திறமூலன் எழுப்பிய இரட்டை மாதிரிக் கண்டனத்தை ஏற்கிறேன். ஆயினும் ஆற்றல் மாதிரியில் ஐந்து மாடிகளையும் வரைய வேண்டியதே இல்லை. கீழ், நடு, மேல் என மூன்று போதும், நடுவிலுள்ளதைப் பெருக்கிக்கொள்ளலாம். எதை விடலாம் என்ற இந்தத் தீர்ப்பை எந்த ஏற்றுமதிப் பொத்தான் எனக்காகச் செய்யும்?

இடுகை 9 | திறமூலன்

செய்யாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எளிமைப்படுத்தும்போதும் மூலப் பொருளின் அடையாளத்தை விடாமல் பிடித்துக்கொள்ள முடியும். ஐஎஃப்சியில் ஒவ்வொரு பொருளுக்கும் 22 எழுத்துகள் கொண்ட தனி அடையாளம் உண்டு. உங்கள் எளிய மாதிரியில் மேற்குச் சுவரை வரைந்ததும், அது எந்தெந்தச் சுவர்களின் சார்பில் நிற்கிறது என்று அந்த அடையாளங்களை ஓர் அட்டவணையில் எழுதிவைத்தால், வடிவமைப்பு மாறும்போது எதை மீண்டும் வரைய வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒரு நிபந்தனை: கட்டடக் கலைஞர் சுவரைத் திருத்த வேண்டும், அழித்துவிட்டுப் புதிதாக வரையக் கூடாது. அழித்தால் அடையாளமும் போயிற்று.

திரும்பும் வழியைப் பற்றியும் யாரும் பேசவில்லை. ஆற்றல் முடிவுகளை மூல மாதிரிக்குள் திணிக்க முயல வேண்டாம். மேற்கு சன்னலுக்கு நிழல் போதவில்லை என்ற குறிப்பை, அந்தச் சன்னலின் அடையாளத்தோடும் பார்வைக் கோணத்தோடும் பிசிஎஃப் (மாதிரி பற்றிய கருத்துகளைப் பரிமாறும் வடிவம்) கோப்பாக அனுப்பினால், கட்டடக் கலைஞர் தன் மென்பொருளிலேயே அந்த இடத்துக்குச் சென்று பார்க்கலாம்.

இடுகை 10 | மேற்குச்சுவர்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன்; தாமதத்துக்குப் பொறுத்தருள்க.

மூன்று விடைகளுக்கும் ஒரே கோப்பு என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். ஆர்இடிவிக்கு அட்டவணை மட்டும் எடுத்தோம். சன்ஷேடுகள் அனைத்தையும் நிழல் வகைக்கு மாற்றியதும், அவற்றின் நீளங்களை அட்டவணையிலிருந்தே எடுக்க முடிந்தது. மேற்கில் இரண்டு சன்னல்களுக்கு சன்ஷேடு வரையவே மறந்திருந்தோம் என்பது அப்போதுதான் தெரிந்தது. ஆற்றல் கணக்குக்கு, ஆலோசகர் தெர்மல்_கோவை சொன்ன மூன்று மாடி வழியிலேயே சென்றார். சுவர் அடையாள அட்டவணையை என் உதவியாளர் தயாரித்துக் கொடுத்தார். அதற்கு ஒரு முழு நாள் ஆனது. மறுவாரமே சமையலறைச் சுவர் ஒன்று நகர்ந்தபோது, எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று தேடாமல் தெரிந்தது.

கார்பன் கணக்கு இன்னும் முடியவில்லை. கட்டமைப்பு மாதிரியில் தூண், உத்தரம், தளப்பலகை; எங்கள் மாதிரியில் சுவர், பூச்சு, தரை ஓடு என்று எண்ணும் உரிமையைப் பிரித்துக்கொண்டோம். பொருட்பெயர்களுக்கு ஒரு பொதுப் பட்டியல் எழுதி, அதையே ஐடிஎஸ் விதியாக வைத்தோம். முதல் சோதனையில் எங்கள் மாதிரி 212 இடங்களில் தவறியது. கட்டமைப்பு மாதிரி அதைவிட மோசம். சிமெண்ட் வகையை இப்போதே சொல்ல முடியாது, கான்கிரீட் கலவைக்கு ஒப்புதல் கிடைத்த பிறகே தெரியும் என்று பொறியாளர் கூறுகிறார். அது நியாயம்தான். ஆகவே அந்த இடத்தை வெற்றாக விடாமல், முடிவாகவில்லை என்றே நிரப்பச் சொல்லியிருக்கிறேன்.

கம்பிக்கணக்கு ஐயாவுக்கு ஒரு கேள்வி: கலவை முடிவாகும்வரை கணக்கை பிபிசி, ஓபிசி இரண்டுக்கும் போட்டு இரு எண்களாக உரிமையாளரிடம் காட்டுவதா, அல்லது கூடுதலான எண்ணை மட்டும் காட்டுவதா? தங்கள் வழக்கம் என்ன?

இடுகை 11 | கம்பிக்கணக்கு

இரண்டையும் காட்டுங்கள். ஒற்றை எண்ணைக் காட்டினால் அது அடுத்த நாளே விளம்பரப் பலகையில் ஏறிவிடும். பார் பெண்டிங் ஷெட்யூல் கைக்கு வந்ததும் கம்பியின் எடையை இங்கே பகிருங்கள். என் அனுபவ எண்ணோடு ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறேன்.